வினாவும் விடையும்: அறியும் உரிமை குறித்து ஓர் இலக்கண நோக்கு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விரைவு வண்டிகள் பலவும் நிற்காமல் கடந்துபோகும் சாமல்பட்டியில், தொடர்ந்து கூடிக் கவிதை படித்து, படித்ததை விவாதித்து, ஓர் அமைப்பு பத்து ஆண்டுகளை நிறைவு செய்வது எளிய செயலன்று. ஒருபுறம் ஓசூர்வரை நீளும் தொழிற்சாலைகள். மறுபுறம் வானம் பார்த்த நிலங்கள். எல்லைக்கு அப்பால் கன்னட நாடு. இவற்றுக்கிடையே தமிழுக்கென ஒரு திண்ணையை நீங்கள் காத்து வருகிறீர்கள். அதற்கு முதற்கண் என் பாராட்டினைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

மனித உரிமைச் சட்டங்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். நான் சட்டம் பயின்றவள் அல்லேன், தமிழ் பயிற்றுபவள். ஆகவே எனக்குப் பழகிய வாயில் வழியாகவே இப்பொருளுக்குள் நுழைய விரும்புகிறேன். அவ்வாயில் இலக்கணம்.

நன்னூலார் தரும் அளவுகோல்

நன்னூல் சொல்லதிகாரத்துப் பொதுவியலில் பவணந்தி முனிவர் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்திருக்கிறார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன வினாவின் வகைகள். ஆசிரியர் மாணவரிடம் கேட்பது அறிவினா. மாணவர் ஆசிரியரிடம் கேட்பது அறியாவினா. வணிகரிடம் சென்று "பயறு இருக்கிறதா?" என்று கேட்பது கொளல்வினா. அங்கே கேட்பவர் நாடுவது செய்தியை மட்டுமன்று, பொருளை. இருக்கிறது என்று சொல்லிவிட்டு வணிகர் வாளாவிருந்தால் வினா முற்றுப்பெறாது.

விடை எட்டில், இதுதான் என்று காட்டுவது சுட்டு; மறுப்பது மறை; உடன்படுவது நேர். இம்மூன்றும் நேரடியாக விடையாவன. "இது செய்வாயா?" என்றவரிடம் "நீயே செய்" என்பது ஏவல், "செய்யாதிருப்பேனா?" என்பது வினா எதிர் வினாதல், "உடம்பு நொந்தது" என்பது உற்றது உரைத்தல், "உடம்பு நோகும்" என்பது உறுவது கூறல். "ஆடுவாயா?" என்றவரிடம் "பாடுவேன்" என்பது இனமொழி. இந்த ஐந்தையும் நன்னூலார் ஏன் விடை என்று ஏற்றுக்கொண்டார்? அவை நேராகச் சொல்லாவிடினும் வினாவுக்குரிய பொருளைப் பயக்கின்றன என்பதனால். உடம்பு நொந்தது என்றதும் "செய்யமாட்டான்" என்பது கேட்டவருக்கு விளங்கிவிடுகிறது. அப்படி விளங்காவிடில் அது விடையன்று, வெற்றொலி.

நண்பர்களே, இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குடிமக்கள் கேட்கும் வினாக்களையும் அரசுகள் தரும் விடைகளையும் இதனைக்கொண்டு அளந்து பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

மூடிய நாடு எது?

1948 டிசம்பர் 10ஆம் நாள் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 19ஆம் உறுப்பு, கருத்துரிமையை விளக்குமிடத்துச் செய்திகளை நாடுதல், பெறுதல், பரப்புதல் ஆகிய மூன்று செயல்களைக் குறிக்கின்றது. பேசும் உரிமை மட்டும் போதாது; கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமையும் வேண்டும் என்பது இதன் கருத்து. இம்மூன்றும் குற்றமாகும் இடமே மூடிய நாடு.

இன்று இதற்கு உடனே நினைவுக்கு வருவது வட கொரியா. அங்கே வானொலிப் பெட்டிகள் அரசின் அலைவரிசையைத் தவிர வேறெதையும் பிடிக்காதவாறு அமைக்கப்படுகின்றன. அந்நாட்டு மக்களின் உரிமைக்கென அமெரிக்கா 2004இல் ஒரு சட்டம் இயற்றியது. எல்லை தாண்டி வானொலி ஒலிபரப்புவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. தென் கொரியாவும் 2016இல் அத்தகைய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. வட கொரியாவோ 2023இல் மொழிக்கே ஒரு சட்டம் செய்தது. தென் கொரியரைப் போலப் பேசுவதும் எழுதுவதும் அச்சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். ஒரே மொழி பேசும் இரு நாடுகளில், ஒன்றன் பேச்சுவழக்கு மற்றொன்றில் குற்றமாகிறது. மொழியைத் தொழிலாகக் கொண்ட நாம் நின்று எண்ண வேண்டிய செய்தி இது.

வெளியிலிருந்து இயற்றப்படும் சட்டம் சுவருக்கு அப்பால் ஒரு குரலைச் செலுத்தலாம். ஆனால் உள்ளிருப்பவன் அரசைப் பார்த்து ஒரு வினாக் கேட்க அது வழிசெய்வதில்லை. வினா எழுப்பும் உரிமை உள்ளேயே பிறக்க வேண்டும். அது பிறந்தும் விடை பிறக்காத ஒரு நாடு, கடலுக்கு அப்பால், நமக்கு மிக அருகில் இருக்கிறது.

வன்னியும் எண்ணிக்கையும்

நாடு முழுவதும் மூடப்பட வேண்டும் என்பதில்லை. ஒரு நாட்டின் ஒரு பகுதியை மட்டும் மூட முடியும். 2008 செப்டம்பரில் இலங்கை அரசு ஐக்கிய நாடுகளின் பணியாளர்களையும் பன்னாட்டுத் தொண்டு நிறுவனத்தாரையும் வன்னியை விட்டு வெளியேறப் பணித்தது. செய்தியாளர்கள் தாமே சென்று பார்க்க வழியில்லை. போரின் இறுதித் திங்கள்கள் அவ்வாறு சாட்சிகள் அகற்றப்பட்ட நிலத்தில் நடந்தன.

சாட்சி இல்லாத இடத்தில் முதலில் சிதைவது எண். 2009இன் தொடக்கத்தில் அப்பகுதியில் சிக்கியிருந்த மக்கள் ஏறத்தாழ 70,000 பேர் என்று அரசு சொல்லிவந்தது. மே மாதம் போர் முடிந்தபின் முகாம்களில் அடைக்கப்பட்டவர்களோ 2,80,000 பேருக்கும் மேல். உணவும் மருந்தும் எத்தனை பேருக்கு அனுப்புவது என்பது அந்த எண்ணைப் பொறுத்தது என்பதை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையைக் குறைத்தல் அங்கே கணக்குப் பிழையாக நிற்கவில்லை. பசியாகவும் மருந்தில்லாச் சாவாகவும் மாறியது. இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள்வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்ற குற்றச்சாட்டுகள் நம்பத்தக்கவை என ஐக்கிய நாடுகளின் பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் எழுதியது.

எழுதியவர்களுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டம் அங்கே 1979இல் வந்தது. ஜே. எஸ். திசைநாயகம் என்ற பத்திரிகையாளர் 2006இல் ஒரு மாத இதழில் எழுதிய கட்டுரைகளுக்காக அச்சட்டத்தின்கீழ் 2009 ஆகஸ்டில் 20 ஆண்டுக் கடுங்காவல் பெற்றார். உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப்பின் 2010இல் அவருக்கு மன்னிப்பு அளிக்கப்பட்டது. ஒரு சில பத்திகளுக்கு இருபது ஆண்டுகள்! சொல்லின் விலையை மூடிய நாடுகளே சரியாக மதிப்பிடுகின்றன போலும்.

போனோரா, ஆக்கப்பட்டோரா?

2015இல் ஆட்சி மாறியது. அவ்வாண்டு ஏப்ரல் மாதம் நிறைவேறிய 19ஆம் திருத்தம், தகவல் பெறும் உரிமையை இலங்கை அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டமாகத் தகவலறியும் உரிமைச் சட்டம் வந்தது. 2017 பிப்ரவரி 3ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. உயிர், உரிமை தொடர்பான வேண்டுகோளுக்கு 48 மணி நேரத்தில் விடை தரவேண்டும் என்பது அதன் விதி. தன்னாட்சி உடைய ஆணைக்குழு ஒன்றும் அமைந்தது. சட்ட நூலாகப் பார்த்தால் உலகின் நல்ல சட்டங்களுள் அதுவும் ஒன்று.

சட்டம் நடைமுறைக்கு வந்து பதினேழாம் நாள், அதாவது 2017 பிப்ரவரி 20ஆம் நாள், கிளிநொச்சியில் சாலையோரத்தில் தாய்மார்கள் அமர்ந்தார்கள். அவர்கள் கையில் இருந்தவை பிள்ளைகளின் ஒளிப்படங்கள். அவர்கள் வாயில் இருந்தது ஒரே வினா: "என் பிள்ளை எங்கே?" அப்போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. விடை கேட்டே பெற்றோர் பலர் இறந்தும் போனார்கள்.

புறநானூற்றின் 86ஆம் பாட்டை இந்த அவை நன்கறியும். காவற்பெண்டு பாடியது. அங்கே ஒருவர் தாயிடம் வந்து உன் மகன் எங்கே என்று கேட்கிறார். அவன் இருக்குமிடம் தெரியாது என்கிறாள் தாய். ஆயினும் அவள் சொல்லில் கலக்கம் இல்லை. போர்க்களத்தில் அவனைக் காணலாம் என்ற பெருமிதமே இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப்பின் அந்த வினா இடம் மாறிவிட்டது. அன்று தாய் கேட்கப்பட்டாள். இன்று தாய் கேட்கிறாள். அன்று விடை சொன்னவள், இன்று விடைக்குக் காத்துக் கிடக்கிறாள்.

அவளுக்குக் கிடைத்த விடைகளை நன்னூல் கொண்டு அளப்போம். "போரில் எத்தனையோ நடக்கும்" என்பது உற்றது உரைத்தல். "பழையதைக் கிளறினால் நாட்டின் அமைதி கெடும்" என்பது உறுவது கூறல். "அவனை யார் இயக்கத்துக்குப் போகச் சொன்னது?" என்பது வினா எதிர் வினாதல். பிள்ளையைக் கேட்டவளுக்கு இழப்பீடு தருகிறோம் என்பதும், ஒருவர் காணப்படவில்லை என்று சான்றளிக்கும் தாள் தருகிறோம் என்பதும் இனமொழி. 2020 ஜனவரியில், காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று அன்றைய குடியரசுத் தலைவர் கோத்தபய இராசபக்ச ஐ.நா. பிரதிநிதியிடம் கூறினார். வடிவத்தில் இது நேரான விடை போலத் தோன்றும். யார், எங்கே, எப்போது, யார் கையால் என்ற எதுவும் இல்லாத இறப்புச் செய்தி எப்படி விடையாகும்? எட்டு வகையும் தீர்ந்துவிட்டன. பயன் மட்டும் பிறக்கவில்லை.

அவர்கள் கேட்டது வெறும் அறியாவினாவும் அன்று. 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தருகே தம் கணவரையும் பிள்ளைகளையும் தம் கைகளாலேயே படையினரிடம் ஒப்படைத்ததாக உறவினர் சாட்சியம் அளித்திருக்கிறார்கள். ஒப்படைத்தவர் பட்டியலைக் கேட்பது கொளல்வினா. வாங்கி வைத்தவரிடம் வைத்த பொருளைக் கேட்பது போன்றது அது. 2017 ஜூனில் அன்றைய குடியரசுத் தலைவர் மைத்திரிபால சிறிசேன, அப்பட்டியலை வெளியிட ஆவன செய்வதாக உறவினருக்கு வாக்களித்தார். 2019இல் அவர் பதவி நீங்கும்வரை அது வெளிவரவில்லை.

இவ்விடத்தில் ஒரு சொல்லாராய்ச்சி. 2016இல் இலங்கை நாடாளுமன்றம் மற்றொரு சட்டத்தின் வாயிலாக நிறுவிய அமைப்பின் தமிழ்ப்பெயர் 'காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்'. தாய்மார்கள் இச்சொல்லை ஏற்கவில்லை. 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றே எழுதுகிறார்கள். ஏட்டுக்கல்வி அதிகம் இல்லாத அந்தப் பெண்கள் கண்ட இலக்கண நுட்பத்தை என் மாணவர்க்கு நான் பலமுறை எடுத்துச் சொல்வதுண்டு. 'போதல்' தன்வினை, போனவனே அதன் எழுவாய். ஆடு காணாமற்போகும், கைப்பை காணாமற்போகும். அங்கே குற்றவாளி யாரும் இல்லை. 'ஆக்குதல்' பிறவினை, ஆக்கியவன் ஒருவன் இருந்தே தீரவேண்டும். ஒரு வினைச்சொல்லை மாற்றியதன் மூலம், மறைந்திருந்த வினைமுதலை அவர்கள் வாக்கியத்துக்குள் இழுத்து வந்தார்கள். ஆயினும் 'ஆக்கப்பட்டோர்' என்பது செயப்பாட்டுவினை. அதிலும் ஓர் இடம் வெற்றிடமாகவே நிற்கிறது. 'யாரால்?' என்னும் மூன்றாம் வேற்றுமையின் இடம் அது. அவ்விடத்தை நிரப்புவதற்கே சட்டம் வேண்டும்.

அந்த அலுவலகச் சட்டத்திலேயே மற்றொரு முரணும் உண்டு. மறைவடக்கமாகத் தரப்படும் செய்திகளுக்குத் தகவலறியும் உரிமைச் சட்டம் பொருந்தாது என்கிறது அது. சாட்சி சொல்வோரைக் காக்க இது தேவை என்பார் உளர். அதில் நியாயமும் உண்டு. ஆனால் மூடிப் பழகிய கைகளில் காப்புத் துணியும் திரைச்சீலையாகிவிடும் என்ற உறவினரின் அச்சத்தை யாரால் பிழை என்று சொல்ல முடியும்?

நம் நாட்டில்

அண்டை வீட்டைப் பேசிவிட்டு நம் வீட்டை விட்டுவிடுதல் அறமன்று. 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை இந்தியாவும் மூடிக்கிடந்தது. செய்தித்தாள்கள் தணிக்கைக்குப் பின்னரே அச்சேறின. ஒருவரைக் காவலில் வைத்தது ஏன் என்று நீதிமன்றத்தில் கேட்கும் ஆட்கொணர் மனுவே நெருக்கடிநிலையில் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1976 ஏப்ரல் 28இல் தீர்ப்பளித்தது. ஐவருள் நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார்.

அந்நாளில்தான் கேரளத்தில் ஈச்சர வாரியர் என்ற இந்திப் பேராசிரியர் தம் மகனைத் தேடி அலைந்தார். கோழிக்கோடு மண்டலப் பொறியியற் கல்லூரி மாணவரான ராஜன் 1976 மார்ச் 1ஆம் நாள் காவலர்களால் அழைத்துச் செல்லப்பட்டார். தந்தை ஓராண்டு அரசின் வாயில்தோறும் சென்று கேட்டார். நெருக்கடிநிலை நீங்கிய உடனே, 1977இல், கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர் மனு இட்டார். காவலில் ராஜன் இறந்தது வெளிவந்தது. முதலமைச்சர் கருணாகரன் பதவி விலகினார். உடல் மட்டும் கிடைக்கவில்லை. வினா அதே வினாதான். ஓராண்டு விடை இல்லாதிருந்ததற்கும் சில வாரங்களில் விடை வந்ததற்கும் காரணம், இடையே ஒரு கதவு திறந்தது என்பதே.

அறியும் உரிமைக்கென இந்தியாவில் முதன்முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு, ஆண்டு 1997. இது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. விதிவிலக்குகள் மிகுந்த சட்டமாக அது இருந்தமையால் பெரும்பயன் விளையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விளைச்சல் வேறிடத்தில் தொடங்கியது. இராசத்தானத்துச் சிற்றூர்களில் பஞ்ச நிவாரணப் பணி செய்த கூலியாட்கள், கூலி குறைவது ஏன் என்று கேட்டுக் கணக்கேட்டைக் காட்டச் சொன்னார்கள். 1990இல் தோன்றிய 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்' என்னும் அமைப்பு, 1994 முதல் அவ்வேடுகளை ஊர் நடுவில் உரக்கப் படித்தது. வேலைக்கே வராதவர்கள் கூலி பெற்றதாக எழுதப்பட்டிருந்தமை, படிக்கக் கேட்ட ஊராருக்கு அங்கேயே விளங்கியது. 1996இல் பியாவர் நகரில் 40 நாள் மறியல் நடந்தது. நம் முன்னோர் நூலை அவையில் அரங்கேற்றிக் குற்றங்குறை கேட்டார்கள். அம்மக்கள் அரசின் ஏட்டை அரங்கேற்றினார்கள். அங்கிருந்து வளர்ந்ததே 2005 அக்டோபர் 12ஆம் நாள் முழுமையாக நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம்.

அச்சட்டத்தின் 6ஆம் பிரிவை நான் ஓர் இலக்கிய நயத்தோடு படிப்பதுண்டு. விண்ணப்பிப்பவர் தம்மைத் தொடர்புகொள்ளத் தேவையான விவரங்களைத் தந்தால் போதும். எதற்காகக் கேட்கிறீர் என்று வினவுதல் கூடாது. அதாவது வினா எதிர் வினாதல் என்ற விடைவகையை இச்சட்டம் அலுவலரிடமிருந்து பறித்துவிட்டது. சிலப்பதிகாரத்துப் பாண்டியனும் இதையே செய்தான். தலைவிரி கோலமாக வந்து நின்றவளிடம் "நீ யார்?" என்று கேட்டான். பின்னர், தன் காவலில் இருந்த சிலம்பை அவைமுன் கொணர்ந்து வைக்கச் செய்தான். அந்த ஆவணம் திறந்தபோது அவன் உயிர் போயிற்று; ஆயினும் ஆவணம் தொலைந்தது என்று அவன் சொல்லவில்லை. நெடுஞ்செழியனைத் தவறிழைத்த மன்னன் என்று மட்டும் படித்தால் போதாது. கேட்ட ஆவணத்தைக் கேட்டவுடன் காட்டிய மன்னன் என்றும் படிக்க வேண்டும்.

பிற விடைவகைகளையும் இச்சட்டம் நெறிப்படுத்தியிருக்கிறது. "அந்த அலுவலகத்தில் கேளுங்கள்" என்று சுட்டி அனுப்புதல் கூடாது; உரிய அலுவலகத்துக்கு அலுவலரே ஐந்து நாள்களுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும். மறை கூறலாம், ஆனால் எந்தப் பிரிவின்படி, என்ன காரணத்தால் என்று எழுத வேண்டும். 30 நாள்களுக்குள் விடை தர வேண்டும். உயிரும் உரிமையும் தொடர்பானதாயின் 48 மணி நேரம். எழுத இயலாதவர் வாயாற் சொன்னால், அதை எழுத்தாக்க அலுவலர் உதவ வேண்டும். உளவு, பாதுகாப்பு அமைப்புகளுக்கு விலக்கு அளித்த 24ஆம் பிரிவும், மனித உரிமை மீறல் குறித்த குற்றச்சாட்டு எனில் அவ்விலக்கு செல்லாது என்கிறது.

இதில் கேட்பவர்க்கும் ஓர் இலக்கணம் உண்டு. கையில் இருக்கும் ஆவணத்தைத் தருவதே இச்சட்டம் விதிக்கும் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் விளக்கியது. ஆகவே "ஏன்?" என்ற அறியாவினாவுக்கு இங்கே இடம் குறைவு, கொளல்வினாவுக்கே இடம். நம் பக்கத்து எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நீர் நுரைத்து வருவதை நாம் அறிவோம். "ஆறு ஏன் நுரைக்கிறது?" என்று விண்ணப்பித்தால் விடை வராமற்போகலாம். "இந்த ஆண்டில் அணைநீரை எந்தெந்த நாளில் ஆய்ந்தீர்கள், அவ்வாய்வு அறிக்கைகளின் படிகளைத் தருக" என்றால் மறுப்பது கடினம். ஆற்றின் தலைப்பகுதி கருநாடகத்தில் உள்ளது. அந்த மாநில அலுவலகத்தையும் நாம் கேட்கலாம். ஆனால் விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ அப்பகுதியின் ஆட்சிமொழியிலோ இருக்க வேண்டும் என்பது விதி. எல்லையில் வாழும் நமக்குக் கன்னடம் எழுதத் தெரிந்த ஒரு நண்பர் எத்துணைப் பெரிய செல்வம் என்பது அப்போது புரியும்.

திறந்த கதவு திறந்தே இருக்கும் என்று நம்பிவிடலாகாது. 2019இல் வந்த திருத்தம், தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் முடிவுசெய்யும் அதிகாரத்தை நடுவண் அரசுக்குத் தந்தது. 2023இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் செய்தி என்றாலே மறுக்கலாம் என்னும்படி 8ஆம் பிரிவின் ஒரு கூற்றை மாற்றியது. அம்மாற்றம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பொதுநலன் மேலோங்குமாயின் தரலாம் என்ற மற்றொரு கூற்று எஞ்சியிருக்கிறது. ஆயினும் இராசத்தானத்துக் கூலியாட்கள் படித்த ஏட்டில் இருந்தவை யாவும் தனிநபர் பெயர்களே என்பதை நினைத்தால் கவலை பிறக்கவே செய்கிறது.

கேட்க இயலாதார்

இனி, நம் வாசலிலேயே இருக்கும் ஒரு செய்தி. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, இவ்வுரிமை குடிமக்களுக்கு உரியது என்கிறது. ஈழத்திலிருந்து வந்தோர் தங்கியிருக்கும் முகாம்கள் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் உள்ளன. 2021இல் தமிழ்நாடு அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை நீக்கி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயரிட்டது. நல்ல பெயர்மாற்றம். ஆனால் அங்கே பிறந்து, நம் பள்ளிகளில் நம் பாடநூல்களையே படித்து வளர்ந்தும் குடியுரிமை பெறாத ஒருவர், தம் வீட்டுக் கூரைக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு என்று இச்சட்டத்தின்கீழ் கேட்க முடியாது. இலங்கைச் சட்டமும் தகவல் உரிமையைக் குடிமக்களுக்கே தருகிறது. அங்கே வினா உண்டு, விடை இல்லை. இங்கே அவர்களுக்கு வினாவே இல்லை.

அந்த வினாவை யார் கேட்பது? எதற்காகக் கேட்கிறீர் என்று சட்டம் உங்களைக் கேட்காது என்றேன். அந்த விதி நமக்குப் பாதுகாப்பு மட்டுமன்று. அடுத்தவருக்காகக் கேட்கும் வாயிலும் அதுவே. முகாமுக்கு ஒதுக்கிய தொகை, கட்டிய வீடுகள், நிலுவையில் உள்ள பணிகள் என்பனவற்றைக் குடிமக்களாகிய நாம் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம்.

சொல்லாத சேதிகள்

1986இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஈழத்துப் பெண் கவிஞர்களின் தொகுப்பு ஒன்று வெளிவந்தது. அதன் பெயர் 'சொல்லாத சேதிகள்'. தகவல் உரிமை என்ற தொடர் நம் நாவில் ஏறுவதற்கு முன்பே, செய்தி சொல்லப்படாதிருப்பதே கொடுமை என்பதை ஒரு கவிதை நூலின் தலைப்பு சொல்லிவிட்டது. அந்த எழுத்துலகைச் சேர்ந்தவர் கவிஞர் செல்வி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் பயின்றவர். 'தோழி' என்ற இதழை நடத்தியவர். 1991 ஆகஸ்டு 30ஆம் நாள் அவரைப் பிடித்துச் சென்றது அரசன்று. விடுதலைப் புலிகள் இயக்கம். அவர் திரும்பவில்லை. இதனைச் சொல்லாமல் விட்டால், இந்நேரம்வரை நான் பேசியது அனைத்தும் பொய்யாகிவிடும். அரசை நோக்கிக் கேட்கச் சட்டம் உண்டு. இயக்கத்தை நோக்கிக் கேட்க ஒரு விண்ணப்பப் படிவமும் இல்லை. தமிழரைத் தமிழர் காணாமல் ஆக்கிய இடத்தில், "யாரால்?" என்ற அந்த மூன்றாம் வேற்றுமையை நிரப்பும் கடமை முழுவதும் எழுதுவோர் மேல் வந்து விழுகிறது. நமக்கு வேண்டியவர் செய்தது என்பதனால் செயப்பாட்டுவினையில் ஒளிந்துகொள்வதற்குக் கவிஞனுக்கு உரிமை இல்லை.

கவிஞர் பெருமக்களே, நம் கவிதைகளில் துயரம் நிறையப் பேசப்படுகிறது. 'சிதைந்தது', 'மறைந்தது', 'கருகியது' என்று தன்வினைகளாகவே எழுதிச் செல்கிறோம். யாழ் நூலகம் எரிந்தது என்று எழுதுகிறோம். 1981ஆம் ஆண்டு மே இறுதி நாளின் இரவில் அது எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் தாமாக எரிந்துவிடவில்லை. வினைமுதலைத் தேடி எழுதுவது கவிதையின் அழகைக் குறைக்கும் என்று நான் கருதவில்லை. அது கவிதைக்கு முதுகெலும்பு தரும் என்பதே என் துணிபு.

நிறைவாக இவ்வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டில், உங்கள் கூட்டங்களில் கவிதை அரங்கு முடிந்தபின் ஒரு மணி நேரத்தை விண்ணப்பம் எழுதுவதற்கென ஒதுக்குங்கள். ஏரி, பட்டா, முதியோர் ஓய்வூதியம், ஆற்றுநீர், முகாம் வீடு என எதுவாயினும், எழுதத் தெரியாதவர் வந்து சொல்லட்டும். சொல்லறிந்தவர் எழுதிக் கொடுங்கள். வினாவைக் கொளல்வினாவாக அமையுங்கள். வந்த விடையை நன்னூல் கொண்டு அளந்து பாருங்கள். பயன் பயக்காவிடில் மேல்முறையீடு செய்யுங்கள். அவ்விண்ணப்பங்களின் படிகளையும் விடைகளையும் ஒரு கட்டாகக் கட்டி உங்கள் நூலகத்தில் வையுங்கள். அடுத்த பத்தாண்டு மலரில் உங்கள் கவிதைகளோடு அவற்றுள் சிலவும் அச்சேறுமானால், இவ்வூரின் உண்மையான வரலாறு அங்கே தொடங்கும்.